பதினான்காம் இலக்க வீடு

என் கணவர் அருளானந்தன் யாரையும் எளிதில் நம்பமாட்டார். நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு மணி அடித்தால் முதலில் கதவுத் துளையால் பார்ப்பார், பிறகு ஜன்னலால் பார்ப்பார். அதற்குள் வந்தவர் போய்விடுவார். இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். ஏறுகிறவர்களைக் கண்ணாடியில் முறைத்தே பழகிவிட்டது என்று நான் பகிடி பண்ணுவேன்.

போன வருடம் தூர்ஹில்ட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். வடகோடியில், ஹம்மர்பெஸ்டுக்கு அப்பால் நாங்கள் முதலில் குடியிருந்த சின்ன மீன்பிடி ஊரில் இப்போது இருப்பவர். ஊர் வரலாற்றைப் புத்தகமாக்குகிறார்களாம். நோர்வேயில் அப்படியொரு வழக்கம். வீட்டுக்கு வீடு, எந்த ஆண்டில் யார் இருந்தார்கள், பிள்ளைகள் யார் என்று எழுதி வைப்பார்கள்.

"நீங்கள் இருந்த பதினான்காம் இலக்க வீட்டுக்குப் பெயர்களும் ஆண்டுகளும் வேண்டும். நீங்களே தந்தால்தான் அச்சிடுவோம்," என்றார்.

"பெயர் எதற்கு? உங்களை யார் அனுப்பியது?" என்று இவர் நோர்வேஜிய மொழியில் கேட்டார். கடைசியில், தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார்.

அப்பட்டமான பொய். ஏழு வருடம் அங்கே மீன் ஆலையில் மீன் வெட்டினோம். ஊரின் உதைபந்தாட்ட அணியில் பாதிப்பேர் எங்கள் தமிழ்ப் பெடியன்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் சரஸ்வதி பூசை வைத்தோம். மகள் கம்சிகா பிறந்த அன்று தெருவே திரண்டு பனி அள்ளி, மருத்துவிச்சி வர வழி செய்தது. அது அச்சில் வரவேண்டும் என்று எனக்கு ஆசையோ ஆசை.

எனக்கும் வாய் இருந்தது. ஆனால் அவருடைய கதை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இராணுவம் வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்தபோது, கையெழுத்து அழகென்று வீட்டில் இவரைத்தான் எழுதச் சொன்னார்கள். தம்பி பாலேந்திரனின் பெயரையும் வயதையும் இவரே எழுதினார். அடுத்த மாதம் இராணுவத்தினர் அந்தத் தாளோடுதான் வந்து அவனைக் கொண்டுபோனார்கள். பாலேந்திரன் திரும்பவில்லை.

தூர்ஹில்ட் போனதும் சொன்னேன்: "இஞ்சருங்கோ, இது ஊர்ப் புத்தகம். ஆமிக்காரன்ரை தாள் இல்லை."

"அந்த மனுசி சிரிச்சுக்கொண்டு கேட்டது. அவங்களும் சிரிச்சுக்கொண்டுதான் படிவம் தந்தவங்கள்," என்றார். தூர்ஹில்ட் வைத்துவிட்டுப் போன தொலைபேசி இலக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

கடந்த மாதம் கம்சிகா அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தாள். சோபாவில் இருந்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"அம்மா, பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடப் பேர் போட்டிருக்கு," என்றாள். "எங்கடை வீட்டுக்கு மட்டும், மீன் ஆலையின்ரை வீடு, இருந்த ஆக்களைப் பற்றித் தகவல் இல்லை எண்டு கிடக்கு. அப்ப நான் எங்கை பிறந்தனான்?"

இவர் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பாத்தீரே," என்றார் என்னிடம். "இனி எங்களை ஒருத்தரும் தேடி வரமாட்டினம்."