இரண்டு கரவன்களுக்கு நடுவே ஒரு வேலி

நோர்வேயில் திராமன் என்ற ஊரைத் தாண்டிக் கடலோரமாகக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு கம்பிங் இடம், அதாவது கோடை முகாம், வரும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் எங்களுக்கு அங்கே ஒரு கரவன் இருந்தது. கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சக்கர வீடு. ஆனால் அங்கே யாரும் எதையும் இழுப்பதில்லை. நோர்வேக்காரர் ஆளுக்கொரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து, கரவனை நிறுத்தி, முன்னால் ஒரு கூடாரத்தையும் போட்டுக்கொண்டு கோடை முழுவதும் அங்கேயே கிடப்பார்கள். நாங்களும் அப்படியே கிடந்தோம்.

வாரம் முழுவதும் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துவிட்டு ஒஸ்லோவின் ரொம்மனில் ஏழாம் மாடிக்கு ஏறுகிற எனக்கு, கதவைத் திறந்தால் காலில் புல் படுகிற வீடு அது ஒன்றுதான். பழைய கரவன். மழை வந்தால் ஒரு மூலையில் ஒழுகும். பிள்ளைகள் இரண்டும் படுக்கிற கட்டில் ஓர் அலுமாரியின் அளவுதான் இருக்கும். எனக்கு அதன் மேல் அப்படி ஒரு பைத்தியம்.

பக்கத்துத் துண்டு மச்சாளுடையது. மச்சாள் என் கணவரின் அக்கா. அவருடைய கணவரை நான் அண்ணை என்பேன், என்னவர் அத்தான் என்பார். அவர்கள் இருந்தது அதே நகரத்து ஹவுகன்ஸ்டுவாவில். ஒஸ்லோவில் இந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் எத்தனையோ கட்டடங்கள் இருந்தபடியால் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. இரண்டு யாழ்ப்பாணத்து ஆம்பிளைகளைக் கையெட்டும் தூரத்தில் குடிவைத்தால் என்ன நடக்கும் என்று அந்த இடத்தை வாடகைக்கு விட்ட முகாம்காரிக்குத் தெரியாது, பாவம்.

வேலி நடந்தது.

மே மாதம் முகாமைச் சுற்றியிருந்த காட்டில் ஊசியிலை மரங்களைத் தறித்துக் கொப்புகளைக் குவித்து வைத்திருந்தார்கள். சும்மா கிடக்கிறதை விட என்னவருக்கு மனம் வரவில்லை. காவிக்கொண்டு வந்து, கதியால் தடிகளை நட்டு, நைலோன் கயிற்றால் வரிந்து கட்டி, இரண்டு கரவன்களுக்கும் நடுவே ஓர் அசல் வேலி அடைத்துவிட்டார். பச்சைப்பசேல் என்று நன்றாகத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அண்ணை வந்து பார்த்தார். வேலியைப் பார்த்தார், தன் கரவனைப் பார்த்தார், பிறகு காலால் அளந்தார்.

"தம்பி, வேலி என்ரை பக்கம் ஒரு சாண் வந்திட்டுது."

"இல்லை அத்தான். நடுவிலைதான் நிக்குது."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை இல்லை. நிலம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை, வாடகைக்கு எடுத்தது என்பதை நான் ஞாபகப்படுத்தினேன். என்னவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். அண்ணை தன் உரிமையை நிலைநாட்ட, தன் பக்கத்து வேலியோடு காஸ் சிலிண்டரையும் இறைச்சி வாட்டுகிற கரிப் பைகளையும் அடுக்கி, மழைக்கு மேலே ஒரு படங்குச் சீலையையும் இழுத்துக் கட்டினார். நானும் மச்சாளும் எங்கள் பங்குக்கு வேலியில் கொப்புகளை விலக்கித் தலை நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு வைத்தோம். அந்தப் பொட்டுக்குள்ளால் நண்டுக் குழம்பு போகும், புட்டு வரும். ஆம்பிளைகள் இரண்டு பேரும் மற்ற வீட்டுச் சமையலைத் தின்றுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

யூன் மாதம் அந்த வருடம் மழையே இல்லை. வேலி காய்ந்து செம்மண் நிறத்துக்கு வந்தது. தொட்டால் ஊசிகள் பொலபொலவென்று கொட்டும்.

முகாம்காரி அறுபதைத் தாண்டியவர். கைபின்னிய மேற்சட்டையும் இடுப்பில் அளவு நாடாவுமாக, ஒரு கிழட்டு நாயோடு ஒவ்வொரு கரவனாக வருவார். காஸ் குழாயை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். எங்களுக்குப் பின்னால் இருந்த நோர்வேக் கிழவர் சிலிண்டரைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்ததற்கு அவரைச் சின்னப் பிள்ளையைப் போலப் பேசி வெளியே எடுப்பித்தார். எங்கள் வேலிக்கு முன்னால் வந்து நின்றார். பொட்டுக்குள்ளால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார், "இது என்ன?"

நான் சொன்னேன். எல்லை என்றேன். யாருடைய எல்லை என்று கேட்டார். அதுதான் பிரச்சினை என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இரண்டு கரவனுக்கும் நடுவில் நான் இடம் விட்டிருப்பது நெருப்புக்காக. ஒன்று பிடித்தால் மற்றதுக்குத் தாவக் கூடாது. அந்த இடம் உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை, அது வெறுமையாக இருக்க வேண்டிய இடம்," என்றார். சங்தான்ஸ் என்கிற நடுக்கோடைத் திருநாள் அன்று காலை தீயணைப்புக்காரர் பார்வையிட வருகிறார்களாம். "நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் உங்கள் சண்டையை யாரும் விசாரிக்க மாட்டார்கள். இடம் கொடுத்தவள் நான், என்னைத்தான் கேட்பார்கள். காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார்கள். தீயணைப்புக்காரர் வரும்போது இது இங்கே நின்றால் நீங்கள் இரண்டு குடும்பமும் போக வேண்டியதுதான்."

புல்லும் கடலும் ஒழுகுகிற மூலையும் எல்லாம் ஒரு வேலியில் வந்து நிற்கிறதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

என்னவரிடம் சொன்னேன். அவர், "அத்தான் முதலிலை சிலிண்டரை எடுக்கட்டும், நான் வேலியை எடுக்கிறன்," என்றார். மச்சாள் அங்கே சொன்னார். அண்ணை, "அவன் முதலிலை வேலியை எடுக்கட்டும்," என்றாராம். சங்தான்ஸ் நாளும் விடிந்துவிட்டது. இரண்டு பேரும் காலையிலேயே மீன் வாங்கத் திராமனுக்குப் போனார்கள். ஒரே கடைக்கு, இரண்டு காரில்.

மச்சாள் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார். "இவையளை நம்பினால் நாங்கள் றோட்டிலைதான். வாரும், நீர் அந்தப் பக்கத்தைப் பிடியும்."

கயிற்றை வெட்டினோம், கதியாலைப் பிடுங்கினோம், படங்கையும் கரிப் பைகளையும் அகற்றினோம். கை முழுக்கக் கீறல். மச்சாள் சிலிண்டரைக் கட்டிப் பிடித்து உருட்டிக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கடற்கரையில் அன்று மாலை மூட்டப்போகிற சங்தான்ஸ் நெருப்புக்கு எல்லாரும் விறகு குவித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேலியையும் கட்டுக் கட்டாகக் காவிக்கொண்டு போய்ப் பக்கத்தில் போட்டோம். பின்வீட்டுக் கிழவர் கைதட்டினார்.

ஆம்பிளைகள் திரும்பி வந்து, மீன் பையும் கையுமாக ஆளுக்கொரு பக்கத்தில் நின்றார்கள். நடுவில் ஒன்றுமில்லை.

"ஆர் பிடுங்கினது?" என்றார் என்னவர்.

"உன்ரை பக்கத்தை நான் பிடுங்கினன். இவரின்ரை பக்கத்தை உன்ரை மனுசி பிடுங்கினவ. ஒருத்தருக்கும் தோல்வி இல்லை," என்றார் மச்சாள்.

அவர்கள் அதை யோசித்து முடிக்க முதலே முகாம்காரி தீயணைப்பு அதிகாரியோடு வந்துவிட்டார். அதிகாரி இளம்பெண். நாடாவின் ஒரு நுனியை என்னவரிடமும் மற்ற நுனியை அண்ணையிடமும் கொடுத்து, கரவனோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் அவ்வளவு கவனமாக ஒன்றைப் பிடித்து நான் கண்டதில்லை. அதிகாரி குனிந்து பார்த்தார். "கொஞ்சம் குறைகிறது," என்று பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார்.

சரியாக ஒரு சாண்.

முகாம்காரியின் முகம் வெளிறிவிட்டது. ஒருவர் தள்ள வேண்டும், இப்போதே, என்றார் அதிகாரி. நான் கடவுளைக் கும்பிட்டேன். அண்ணை தொண்டையைச் செருமினார். "தம்பி, அரைச் சாண் நீர், அரைச் சாண் நான்." மூன்று நாலு கிழமைக்குப் பிறகு என்னவரோடு அவர் கதைத்த முதல் கதை. என்னவர் தலையாட்டினார். எல்லாரும் சேர்ந்து முதலில் எங்கள் கரவனைத் தள்ளினோம், பிறகு அவர்களுடையதை. சரிபாதிதானா என்று இரண்டு பேரும் தனித்தனியாக அளந்து பார்த்தார்கள். அதிகாரி சரி என்று சொன்னதும் முகாம்காரி என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாலையில் முகாமே கடற்கரையில் திரண்டது. வெயில் இன்னும் தண்ணீரில் கிடந்தது. நாங்கள் கொண்டுபோன மீன் பொரியலுக்கு நோர்வேக்காரர் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் உச்சஸ்தாயியில் கத்திக்கொண்டு ஓடினார்கள். விறகு மெல்ல மெல்லப் பிடித்தது. பிறகு கிழவர் எங்கள் வேலியில் ஒரு கட்டைத் தூக்கி மேலே போட்டார்.

உஸ் என்று ஒரு சத்தம். அடுத்த கணம் நெருப்பு கரவன் உயரத்துக்கு எழும்பி நின்றது. முகம் சுட்டது, எல்லாரும் பின்னால் போனோம். அது ஒரு கட்டு மட்டும்தான். என்னவர் திரும்பிக் கரவனைப் பார்த்தார். பிள்ளைகளின் கட்டில் இருக்கிற பக்கம்தான் வேலி நின்ற பக்கம். பிறகு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, இரண்டையும் இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவை திமிறின.

அண்ணையும் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக என்னவருக்குப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நான் இன்னும் ஒரு சாண் தள்ளட்டே?"