அரை மணி பிந்திய பாங்கு

என் உம்மா ஹாஜறா பிடிவாதக்காரி. சுனாமியாய்க் கடல் வந்த அன்று சாய்ந்தமருதில் எங்கள் வீட்டோடு தம்பி இன்ஷாபும் போனான். மையத்து, அவன் உடல், கிடைக்கவில்லை. "கண்ணால காணாத மவுத்த நான் ஏன் நம்ப?" என்று உம்மா ஒருநாளும் அழவில்லை. எனக்கு அதில் அப்போதும் கோபம், இப்போதும் கோபம்.

யுத்தம் முடிந்த வருடம், டைப் அடிக்கும் வேலைக்காகக் கணினி ஒன்று வாங்கினேன். தம்பியின் பழைய வன்தட்டு கல்முனையில் அவனுடைய கூட்டாளி தினேஸிடம் கிடந்ததால் தப்பியிருந்தது. லினக்ஸில் அவன் தனக்கென்று எழுதி வைத்திருந்த அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் புதியதில் ஏற்றினேன். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தேனா? இல்லை. மவுத்தானவனின் பொருளில் ஒரு எழுத்தையும் மாற்ற மனம் வரவில்லை. வேலியால் போன ஓணானை மடியில் விட்ட கதைதான்.

அன்று ரமழானின் முதல் நாள், தலைநோன்பு. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி, நோன்பு துறந்து, தொழுதும் முடித்துவிட்டுக் கஞ்சிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கணினி இருந்த சாத்திய அறைக்குள்ளிருந்து இன்ஷாப் பாங்கு சொன்னான்.

அவனுடைய குரலேதான். நடுவில் ஒரு இடத்தில் அவனுக்குத் தொண்டை கட்டும், அதுவும் கட்டியது. நான் கோப்பையோடு அறை வாசலுக்கு ஓடினேன். உம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டு, கடைசி வரைக்கும் பாங்குக்கு மறுமொழி சொன்னாள்.

அடுத்த நாள் பள்ளிப் பாங்குக்கு உம்மா நோன்பு துறக்கவில்லை.

"உம்மா, ஒங்களுக்குச் சீனி வருத்தம், மருந்து போடுற ஆள். தண்ணியக் குடிங்க."

"பொறு புள்ள. அவன் இன்னும் பாங்கு செல்லல்ல."

அரை மணி நேரம்! கை நடுங்க, உதடு வெளுக்க இருந்தாள். இப்படியே முப்பது நோன்பும் போனால் ஆளை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும்.

கணினி தான் செய்த வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவைத் திறந்தேன். இன்ஷாப் என்ற பெயரில், மாலை 6.46க்கு வேலை தொடங்கியதாக இருந்தது. யா அல்லாஹ்! கடிகாரமோ நொடி பிசகாமல் சரி. தோண்டிப் பார்த்தேன். தன் குரலைப் பதிந்து, வருடம் முழுவதும் அந்தந்த நாளின் மஃரிப் நேரத்துக்குத் தானாக ஒலிக்கும்படி எழுதி வைத்திருந்தான். எல்லா நேரமும் சரியாக அரை மணி கூட. அவன் இப்படிப் பிழைவிடுகிறவன் இல்லையே! பிறகுதான் மண்டையில் ஏறியது. அவன் போய் இரண்டாம் வருடம் நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளினார்கள். அவன் இன்னும் பழைய மணியில் இருக்கிறான்.

"ஏன் புள்ள பிந்துறான்?" என்றாள் உம்மா.

"மணிய மாத்தினது அவனுக்குத் தெரியாதும்மா," என்றேன் எரிச்சலில்.

"ஆரும் செல்லல்லயா அவனுக்கு?"

மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்து, அவன் எழுதிய எல்லா நேரத்தையும் அரை மணி குறைத்தேன். அன்று மாலை பள்ளிப் பாங்கும் அவன் பாங்கும் ஒன்றாகவே எழுந்தன. உம்மா பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். அப்பாடா என்றிருந்தது.

"பகல் அந்த அறைக்குள்ள போய் அவனுக்கிட்டச் செல்லி வெச்சன் மகள், மணிய மாத்திட்டாங்க எண்டு. கேட்டிட்டான் பாத்தியா?"

"உம்மா, அது நான்தான்..."

உம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் காணவில்லை.

"சொறிக்கல்முனைப் பாலம்மாட மகன், சண்டையில செத்திட்டான் எண்டிருந்த புள்ள, முகாமிலிருந்து வந்திட்டானாம். இவனையும் வரச் செல்லிட்டன்."

அந்த அரை மணியை நான் தொடாமலே விட்டிருக்கலாம். அன்றிலிருந்து உம்மா வாசல் கதவைப் பூட்ட விடுவதில்லை. நோன்பு துறக்க மூன்று கோப்பையில் கஞ்சி ஊற்றுகிறாள். மூன்றாவதை, ஆறிவிடாமல், தட்டால் மூடி வைக்கிறாள்.