அந்தப் பழி ஸ்டெல்லா அக்காவுடையதல்ல

மல்லேஸ்வரம் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி மகள் ஷீபா போன் செய்தாள். "ஆன்ட்டி, அத்தை போயிட்டாங்க. காபி எடுத்துட்டுப் போய் எழுப்புனேன், எழுந்திருக்கல." கீரையைக் கையில் வாங்கினேனா என்றுகூட நினைவில்லை. ஆட்டோவில் காக்ஸ் டவுன் போய் இறங்கியபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன.

ஏழாம் நாள் ஜெபக்கூட்டத்தில் உங்களில் பலர் பேசினீர்கள். அவருடன் பள்ளியில் வேலை பார்த்த ஒருவர், "தன் தப்பைத் தானே சொல்லி வருத்தப்பட்டவங்க அவங்க" என்றார். அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு ஆசிரியையிடமும் அக்கா அதைச் சொல்வார்: "ஒரு பொண்ணை அவ அம்மா முகத்தைக் கடைசியா பாக்க விடாம பண்ணவ நான். சேதின்னா உடனே சொல்லிடணும்."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து பேசும் தைரியம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எத்தியோப்பியாவின் வடக்கே ஒரு மலையூரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் இருவரும் மூன்று வருடம் வேலை பார்த்தோம். அவர் உயிரியல், நான் கணிதம். இருவருக்கும் ஒரே வீடு. சந்தையில் ஓர் ஆட்டு இதயத்தை வாங்கி வந்து மேசைமேல் வைத்துப் பாடம் நடத்துவார். மாணவிகள் தயங்கினால், "தொடுங்க, இது இனிமே யாரையும் ஏமாத்தாது" என்பார். சிரித்துக்கொண்டே தொடுவார்கள்.

அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி. அதற்கு முன் நாற்பது நாளுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். ஊருக்குப் போக முடியாமல் விடுதியில் தங்கிவிட்ட ஏழு பெண்கள், அந்த வருடம் எங்கள் வீட்டில்தான் நோன்பு முறிப்போம் என்றார்கள். இரண்டு நாளாகச் சமைத்தேன். வீட்டை விட்டு வந்த பிறகு எனக்கென்று வாய்த்த முதல் பண்டிகை அது.

அன்று காலை ஏழு மணிக்கு அக்காவின் போன் அடித்தது. திகிஸ்ட் என்ற மாணவியின் அண்ணன். அவளிடம் போன் இல்லாததால் அக்காவின் எண்ணைத்தான் வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். அவர்கள் அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டார்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். "விடுதிக்குப் போய் இப்பவே சொல்லிடறேன்."

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னைக்கு பஸ்ஸே கிடையாது அக்கா. சொன்னாலும் அவளால போக முடியாது. நாற்பது நாள் பட்டினி கிடந்த பொண்ணு, ஒரு வாய் சாப்பிட்டு முடிக்கட்டும். மதியம் சொல்லலாம்."

நான் சொன்னதில் இரக்கம் இருந்தது. சமைத்த விருந்து வீணாகிவிடக் கூடாதே என்ற நினைப்பும் இருந்தது. அக்கா வெகுநேரம் வாசலிலேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். திகிஸ்ட் வெள்ளை உடையில் இருந்தாள். பாடினாள், கோழிக்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அக்கா ஒரு கவளம்கூடத் தொடவில்லை. எல்லோரும் கை கழுவிய பின் அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். அலறல் கேட்டு நான் ஓடினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "உங்களுக்கு எப்போது தெரியும்?"

"காலை ஏழு மணிக்கு."

"ஒன்பது மணிக்கு எங்கள் ஊருக்கு வெங்காய லாரி போனது. அம்மாவுக்கு அதில்தான் ரொட்டி கொடுத்து அனுப்பினேன். நானும் ஏறியிருப்பேனே! எங்கள் ஊரில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். யார் சொல்ல வேண்டாம் என்றது?"

என் கையில் கரண்டி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்" என்றார் அக்கா.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனாள். மண் மூடியிருந்தது. கல்லூரிக்குத் திரும்பி வந்து படிப்பை முடித்தாள்; ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்பாள். நானும் ஒன்றும் நடக்காததுபோல் சொல்லிக்கொடுத்தேன்.

பெங்களூர் திரும்பிப் பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், "ஏன் அக்கா அன்னைக்கு என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னார். "அந்தப் பொண்ணு ரெண்டு பேரை எதுக்கு வெறுக்கணும்? ஒருத்தர் போதும். போன் என் கையிலதானே இருந்துச்சு." அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமலிருப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஷீபா, ஸ்டெல்லா அக்காவின் போனை என்னிடம் காட்டினாள். திகிஸ்டின் எண் அதில் இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் அக்கா அவளுக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மறுநாள் அந்த எண்ணுக்கு அழைத்தேன். இப்போது அவளும் ஓர் ஆசிரியை. அக்கா இறந்த செய்தியைச் சொன்னேன். பிறகு, அன்று தடுத்தது நான் என்பதையும் சொன்னேன்.

"அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் ஒரு பதிலாவது எழுதியிருப்பேன்" என்றாள். "நீங்கள் இதையும் தாமதமாகத்தான் சொல்கிறீர்கள்."

போனை வைத்துவிட்டாள்.

அவரிடமிருந்து நீங்கள் கண்டிப்பையும் நேர்மையையும் கற்றதாகச் சொன்னீர்கள். எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது, இத்தனை வருடம் அவர் சுமந்த அந்த ஒரு வார்த்தையைத்தான்: "நான்தான்." இனி யாராவது அந்தக் கதையைச் சொன்னால், என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.