தரம் பிரித்த முக்கோணங்கள்

மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் குருவம்மாள் எப்போதும் பின்கதவை ஒட்டித்தான் உட்காருவாள். கவிழ்ந்தால் குதித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

போன மழைக்காலத்தில் போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு வளைவில் ஜீப்பு வழுக்கி, பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. கீழே இறங்கிய பெண்கள் கொஞ்சம் அழுதார்கள், கொஞ்சம் சிரித்தார்கள், மறுபடி ஏறிப் போய் ஏலக்காய் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு அது மறுநாளே கதையாகிவிட்டது. குருவம்மாளுக்கு ஆகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் அவள் விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்தன. தோட்டத்தில் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அவை விரியாது.

வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்தது. எங்கள் தெருப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் அவள் கைதான். அடுத்த தெருவில் பானுப்பிரியா என்ற பெண் துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் கூடம் ஒன்றை ஆரம்பித்து, ஆள் தேடிக்கொண்டிருந்தாள். கட்டம் கட்டமாகத் தைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு முக்கோணம், ஒன்று அடர்நிறம், ஒன்று வெளிர்நிறம். முனை மழுங்கக் கூடாது, மூலைகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். மாதிரி ஒன்று தைத்துக் காட்டி அது பிடித்தால் வேலை.

"இந்தச் சோலி கெடச்சா மலையேற வேணாம்" என்றாள் குருவம்மாள், புருஷனிடம்.

திருப்பதி ஏலக்காய் குடோனில் மூட்டை தூக்குகிறவர். "முக்கோணம் தைக்க என்னடி? சமோசா மடிக்கிற மாதிரிதானே?"

"சமோசான்னா வாயி பாத்துக்கும். இதக் கண்ணுல்ல பாக்கும்."

சதுரங்களைக் குறுக்கே வெட்டி, முக்கோணங்களை இரண்டிரண்டாக இணைத்து, விரித்து, இஸ்திரி போட்டாள். ஒன்று பெரிதாக வந்தது, ஒன்று சிறிதாக வந்தது. அப்போது அவள் செய்தது, ஏலக்காய் உலர்த்தும் மலை ஸ்டோரில் வருஷக்கணக்காகக் காயைப் பெரிசு சிறிசாகப் பொறுக்கிய கை செய்கிற காரியம். கட்டங்களைத் தரம் பிரித்தாள். பொடிசுகளைச் சேர்த்து மேல்வரிசை, நடுத்தரம் நடுவில், பெரிசுகள் கீழே. வரிசைக்குள் மூலைகள் அழகாகவே சேர்ந்தன. ஒரு வரிசையை அடுத்ததோடு சேர்க்கத்தான் இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

பானுப்பிரியா அதைத் தரையில் விரித்துப் பார்த்தாள்.

"யக்கா, போர்வை கேட்டேன். பாவாடை கொண்டாந்திருக்கீங்க."

மேலே ஒடுங்கியும் கீழே அகலமாகவும் கிடந்தது துணி. குருவம்மாள் தரம் பிரித்த கதையைச் சொன்னதும் பானுப்பிரியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏலக்காயா இது, பெருசு ஒரு வெலைக்கும் சிறுசு ஒரு வெலைக்கும் போக? எல்லாம் ஒரே அளவு வேணும்க்கா. வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல முடியாது, வேற ஆள் எடுத்துருவேன்."

மறுநாள் ஜீப்பில், எங்கே தப்பு என்று பார்க்க ஒரு முக்கோணத் துண்டைக் கையில் வைத்திருந்தாள். அதே வளைவு வந்தது. கம்பிக்குப் பதிலாகத் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துவிட்டாள். வளைவு தாண்டிப் பார்த்தால், துண்டின் நேர்ப்பக்கங்கள் அப்படியே இருந்தன. சாய்வாக வெட்டிய பக்கம் மட்டும் நீண்டு நெளிந்திருந்தது. ஒவ்வொன்றையும் மிஷினிலும் இஸ்திரிப் பெட்டியிலும் இப்படித்தானே இழுத்திருக்கிறாள்!

"அப்ப வெட்டுறதுக்கு முந்தியே தச்சுட்டா?" என்றாள் சத்தமாக.

பக்கத்தில் இருந்த சுப்புத்தாய் விலகி உட்கார்ந்தாள். "யாரடி வெட்டப் போற?"

அன்று சாயங்காலம் இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இஞ்சு தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் ஒரு தையல். கால் இஞ்சு தவறாமல் இருக்க மிஷின் தகட்டில் ஒரு ஒட்டுப்பொட்டை ஒட்டிக்கொண்டாள். அதன் பிறகே கோட்டில் கத்தரி வைத்தாள். விரித்தால் இரண்டு கட்டங்கள். சாய்வுப் பக்கம் தையலுக்குள் அடங்கிக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்தாள்.

பிறகு ஒரே அளவாக நறுக்கிக்கொள்ள, கட்டங்களை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகத் தைத்திருந்தாள். திருப்பதி எங்கிருந்தோ சமையலறைச் சுவருக்கு ஒட்டுகிற சின்ன டைல்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் குறுக்கே நகப்பாலிஷால் கோடு இழுத்து, கோட்டின் இரு முனைகளும் தையலுக்கு நேராக வரும்படி கட்டத்தின்மேல் வைத்து, சுற்றி வரைந்து மிச்சத்தை நறுக்கினாள். தரம் பிரிக்க இப்போது எதுவும் இல்லை.

"இப்பத்தாண்டி நெசமான சமோசா" என்றார் திருப்பதி.

வெள்ளிக்கிழமை பானுப்பிரியா துணியை விரித்தாள். குனிந்து பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள், பாதியாக மடித்து மூலையோடு மூலை வைத்தாள். குருவம்மாளின் விரல்கள் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"முனையெல்லாம் ஊசி மாதிரி நிக்குதேக்கா! திங்கக்கெழம வந்துருங்க."

"நாளைக்கே வர்றேனே?"

"நாளைக்கு நான் ஊர்ல இல்லக்கா. ரெண்டு நாளு நல்லாப் படுத்துத் தூங்குங்க. கண்ணு உள்ள போய்க் கெடக்கு."

இனி மலைக்கு வரவில்லை என்று ஜீப்புக்குச் சொல்லியனுப்ப நினைத்தாளே தவிர, மறந்துவிட்டாள். சனிக்கிழமை விடியலில் வழக்கம்போல வாசலில் ஹாரன் அடித்தது. கதவைத் திறந்தாள்.

"யக்கா, வெரசா வா, லோடு ஏறிருச்சு" என்றான் டிரைவர் வினோத்குமார்.

"நீ போ அப்பு. நான் எறங்கிட்டேன்."

"இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள எறங்கிட்டாளாம்!" என்றாள் சுப்புத்தாய். ஜீப்பே சிரித்தது. சிரித்துக்கொண்டே சுப்புத்தாய், பின்கதவை ஒட்டிய குருவம்மாளின் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜீப்பு தெருக்கோடியில் திரும்பும்வரை குருவம்மாள் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் படுத்தாள். திருப்பதி எழுந்து அவளைத் தாண்டி நடந்தபோது வெயில் ஜன்னலில் ஏறியிருந்தது. அவள் உறங்கிக்கொண்டிருந்தாள், பாயின்மேல் இரண்டு கைகளும் விரல் விரிந்து கிடந்தன.