மஞ்சள் சட்டை போட்ட பாப்பா

சத்தியமாக நடந்தது இது. நம்ப மாட்டேன் என்பவர்கள் தாராளமாக நம்ப வேண்டாம். போன மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான்.

விடுமுறைக்கு அக்காவுடன் கடலோரமாகக் காரில் சுற்றினேன். ஒரு நாளைக்கு ஏழு அழகான இடங்கள் என்பது அவள் திட்டம். அழகை ரசிக்க மட்டும் நேரம் ஒதுக்க மறந்திருந்தாள். ஐந்தாவது இடம், கடலுக்குள் ஒரு பெரிய பாறை. தண்ணீர் உள்வாங்கியிருக்கும்போது மணலில் நடந்தே போகலாம். தண்ணீர் ஏறப்போகிறது என்றால் கரையில் இருக்கும் காவலர் விசில் ஊதுவார். உடனே திரும்பிவிட வேண்டும்.

மாலை 5:02. விசில் கேட்டது. அக்கா முன்னால் ஓடினாள்.

"போட்டோ எடுத்தது போதும், வாடா எருமை!"

பாதி வழியில் ஒருவர் எதிரே வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு.

"தம்பி, ஒரு பாப்பாவைப் பாத்தீங்களா? மஞ்சள் சட்டை. ஆறு வயசு. என் பொண்ணு."

நான் பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யார் வழி கேட்டாலும், தெரியாமலே கை காட்டுகிற பரம்பரை நாங்கள்.

"பாறைப் பக்கம் பாத்த மாதிரி இருக்குங்க."

"நல்லா இருப்பீங்க தம்பி." சொல்லிவிட்டுப் பாறைப் பக்கம் நடந்தார்.

நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. பேய்க்காற்று. என் தொப்பியே பறந்து போயிருந்தது... அவர் தலைமுடி அசையவில்லை.

திரும்பினேன். ஈர மணலில் அக்காவின் தடம், என் தடம்... அவ்வளவுதான்.

அவர் போய்க்கொண்டே இருந்தார்.

"சார்! வந்துடுங்க!"

சளக்... சளக்...

முழங்கால்.

இடுப்பு.

5:10... ஆள் இல்லை.

கரைக்கு ஓடிக் காவலரைப் பிடித்து உலுக்கினேன்.

"உள்ள ஒருத்தர்... பொண்ணைத் தேடிக்கிட்டு..."

அவர் பதறவில்லை. மெதுவாக உட்கார்ந்தார்.

"அவரு செத்து மூணு வருஷமாச்சு தம்பி. பாப்பா என் அறையிலதான் இருந்துச்சு, பிஸ்கட் தின்னுக்கிட்டு. எவனோ பாறைப் பக்கம் பாத்தேன்னு சொன்னானாம். நம்பிப் போயிட்டாரு."

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மடியில் வைத்தார்.

"யாராச்சும் பாப்பாவைக் கேட்டா, கரையில பத்திரமா இருக்குன்னு சொல்லுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லித்தான் அனுப்புவேன். ஒருத்தராச்சும் சொல்லிட்டா, கரையேறிடுவாரேன்னுதான். நீங்க போறப்ப நான் டீ குடிக்கப் போயிருந்தேன்..."

நடந்து வந்த மணல் முழுக்கத் தண்ணீராகியிருந்தது.

அக்கா என் தோளைத் தொட்டாள்.

"டேய்... நீ அவர்கிட்ட என்ன சொன்ன?"