இளஞ்சிவப்புக்கு எத்தனை நொடி

நொடியக்கா என்று கேட்டால்தான் தொழிற்சாலையில் தெரியும். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொன்னால் வாட்ச்மேன் தலையைச் சொறிவார்.

மலையில் வெட்டிய வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டு, மாவாக அரைத்து விற்கிறார்கள். அந்த மாவில் மக்னீசிய உப்புநீரைக் கலந்தால் சில மணி நேரத்தில் இறுகும் சிமெண்ட் கிடைக்கும். பலகை செய்பவர் ஒருவர் அதை வாங்கிச் சுவர்ப் பலகை வார்க்கிறார். எல்லாம் சூட்டில் இருக்கிறது. குறைந்தால் கல் பச்சையாகவே நிற்கும். கூடினால் மாவு செத்துப்போகும், உப்புநீரோடு பிடிக்காது.

கூடியதா என்று சொல்வது நொடியக்காவின் வேலை. சிட்ரிக் அமிலக் கரைசலில் நிறங்காட்டி இரண்டு சொட்டு, பிறகு ஒரு கரண்டி மாவு. கடிகாரத்தைத் தட்டிவிட்டுக் கலக்க வேண்டும். நீர் இளஞ்சிவப்பாகும்போது நிறுத்த வேண்டும். அறுபது, எழுபது நொடி என்றால் நல்ல மாவு. நூறைத் தாண்டினால் சூடு அதிகம்.

இந்தச் சோதனை மேஜைக்கு வந்து நாலு வருடம். அதற்கு முன் பதினோரு வருடம் மாவு சலிக்கும் சல்லடையில் இருந்தாள். கணவன் இறந்த வருடம்கூட விடுப்பு எடுக்கவில்லை. "அப்போ இருமல்தான் எனக்கு மூணாவது பிள்ளை" என்பாள். இங்கே நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, தூசியை வெளியே நிறுத்த ஒரு கதவு உண்டு.

சூளையைப் பார்த்துக்கொண்டது அவள் கொழுந்தன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. மூன்று மாதத்துக்கு முன் நொடிகள் ஏறத் தொடங்கின. தொண்ணூறு, நூற்றைந்து, நூற்றிருபது. சூட்டைக் குறைக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பினாள். சீட்டோடு அவனே வந்து நின்றான்.

"அண்ணி, நெருப்பு நெறம் சரியாத்தான் இருக்கு. இதுக்கு மேல கொறைச்சா கல்லு வேகாது."

"உன் கண்ணு சொல்றதைக் கேக்கவா, கடிகாரம் சொல்றதைக் கேக்கவா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்க் குறைத்தான். எழுபது வரும்வரை குறைத்தான்.

பலகைகள் மூலை உதிர்ந்து லாரியில் திரும்பி வந்தன. மேலாளர் மாவின் மேல் அமிலத்தை ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்தது. பாதி வேகாத கல். அன்றைக்கே கொழுந்தனைச் சூளையிலிருந்து இறக்கி மூட்டை ஏற்ற அனுப்பினார்கள். அண்ணியின் சீட்டைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. வீட்டில் மட்டும் அவள் தனக்குத் தட்டு வைப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவான்.

புதிய சூளைக்காரன் பழைய சூட்டுக்கே ஏற்றினான். மறுபடி நொடி நூறை நோக்கி ஓடியது. மூட்டை தைப்பவள் நூல்கண்டு கேட்டு வந்து மேஜையருகே நின்றாள்.

"என்னக்கா, கலர் வந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் கடிகாரத்தை ஓடவிட்டு வேடிக்கை பாக்குற?"

நொடியக்கா குனிந்து பார்த்தாள். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர்தான் இருந்தது. இன்னும் சிறிது நேரம் கழித்தே சிவந்தது.

"நூல்கண்டை அப்புறம் தரேன். இப்படி உக்காரு. கலர் வந்ததும் சொல்லு."

மூட்டை தைப்பவள் சொன்னது அறுபத்து நான்கில். நொடியக்கா பார்த்தது நூற்றுப் பத்தில். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள். இரண்டிலும் வெளுத்த திரை. குழல்விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது மழைக்காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே ஒப்பேற்றியிருந்தாள்.

மேலாளரிடம் போய் முழுதும் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"முதலாளிக்கு ரிப்போர்ட் போயாச்சும்மா. சூளைக்காரன் தப்புன்னு எழுதினதே நான். இப்போ மேஜை தப்புன்னு சொன்னா, நாலு வருஷமா போன சரக்கையெல்லாம் பலகைக்காரர் சந்தேகப்படுவார். கண்ணைக் காட்டி வைத்தியம் பாத்துட்டு, பேசாம வந்து உக்காருங்க."

"அவன் மூட்டை தூக்குறானே சார்."

"அவன் உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்காவிட்டால் நாற்காலி அவளுடையது. திறந்தால் இந்தக் கண்ணோடு சல்லடைக்குக்கூடச் சேர்ப்பார்களா என்பது சந்தேகம்.

ஒவ்வொரு லாரியோடும் சோதனைச் சீட்டு ஒன்று பலகை செய்பவருக்குப் போகும். அன்றைய சீட்டில் அறுபத்து நான்கு என்று போட்டு, கீழே எழுதினாள்: 'இது வேறொருவர் கண்ணால் பார்த்தது. மூன்று மாதமாக நான் கொடுத்த நொடிகள் தவறு. என் பார்வை குறைந்திருக்கிறது. சூளையில் தவறில்லை.' கையெழுத்திட்டாள்.

லாரியில் கடைசி மூட்டையை ஏற்றிவிட்டுக் கொழுந்தன் டிரைவரிடம் கொடுக்க அவளிடம் சீட்டை வாங்கினான். படித்தான்.

"அண்ணி, இது போனா உங்க வேலை போயிடும்."

"தெரியும்."

"நான் சமாளிச்சுக்கறேன். தோள்பட்டை பழகிடுச்சு." சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனான்.

அவன் கையில் விட்டால் அது அவன் முடிவாகிவிடும். பிடுங்கிக்கொண்டாள். கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த லாரியின் படியில் ஏறி, ஜன்னலுக்குள் கையை நீட்டினாள்.

"பலகைக்காரர் கையிலேயே குடுங்க அண்ணே. ஆபீஸ்ல யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க."

டிரைவர் வாங்கிச் செருகிக்கொண்டார். அவள் இறங்க வேண்டும். தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியவில்லை. காலை நீட்டித் துழாவினாள். கொழுந்தன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.