கிளாரினெட்காரரின் அடுக்கு

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த கேசட் கடையில் ஐந்து அடுக்குகள் இருந்தன. மேலே சினிமா. அதற்குக் கீழே சாமி பாட்டு, அதற்கும் கீழே கிறிஸ்தவப் பாட்டு. நான்காவதில் கச்சேரி. ஐந்தாவதில் கிராமியப் பாட்டு, அது எப்போதும் பாதி காலியாகவே இருக்கும். இவை தவிர மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதன்மேல் 'இதர' என்று நான்தான் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தேன். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் கேசட், மிமிக்ரி, ஜோசியம் எல்லாம் அதற்குள் கிடந்தன. அந்தப் பெட்டிக்குள் போன எதையும் யாரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசி அது. பத்தாவது முடித்துவிட்டு நான் மஞ்சக்குட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கடை முதலாளிக்கு ரேடியோ ரிப்பேர்தான் உயிர். கேசட் விற்பது அவருக்குத் தொல்லை. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் லேபிள் எழுத வைத்துக்கொண்டார். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. வாடிக்கையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலைக் காட்டுவார், நான் எடுத்துக் கொடுப்பேன். லேபிள் சரியாக இருந்தால் வாயைத் திறக்காமலே நாள் போய்விடும். மழைக்காலத்தில் கேசட்டில் பூசணம் பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு குண்டு பல்பு எரியும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அந்தச் சூட்டுக்காகவே எங்கள் கண்ணாடியை ஒட்டி வந்து நிற்பார்கள்.

கிளாரினெட் கேசட் ஒரு மழை நாளில்தான் வந்தது. சேலத்துக் கம்பெனி ஒன்றின் சேல்ஸ்மேன் மாதம் ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வருவார். அன்று இருபது கேசட் கொண்ட ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார். அட்டையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், பூ வரைந்த திரைக்கு முன்னால் கிளாரினெட்டைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார்.

"உங்க மலைக்காரர்தாங்க, நாகலூரு" என்றார் சேல்ஸ்மேன். "மார்கழி வரைக்கும் வச்சுப் பாருங்க. போகலைன்னா திருப்பி எடுத்துக்கறேன். இவருக்கு ரெண்டாவது கேசட் போடறதா வேண்டாமான்னு எங்க முதலாளி இந்த மலை வியாபாரத்தைப் பாத்துத்தான் சொல்லுவாரு."

கிளாரினெட்காரர் நாகலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோல் உரிக்கும் இயந்திரத்தில் வேலை செய்தவர். வேலையில்லாத நாளில் பேண்டு செட்டில் வாசிப்பார். கல்யாணம், சர்ச் சப்பரம், மாரியம்மன் பண்டிகை, சாவு என எதற்குக் கூப்பிட்டாலும் போவார். கேசட்டிலும் அப்படியே வாசித்திருந்தார். முதல் பக்கத்தில் இரண்டு அம்மன் பாட்டு, ஒரு கீர்த்தனை, ஒரு சினிமா மெட்டு. மறுபக்கத்தில் சர்ச் பாட்டு மூன்று, கடைசியாகச் சாவு ஊர்வலத்தில் வாசிப்பது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும்போது அவர் எங்கள் கண்ணாடிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பார். தன் கேசட் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடுவார், கண்டுபிடித்ததும் போய்விடுவார். ஒரே ஒரு முறை என்னிடம் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, ரெண்டாவது போட்டாங்கன்னா, அதுல முழுக்க நானே கட்டுன மெட்டுத்தான் வாசிக்கறதா இருக்கறனுங்க. பதினோரு மெட்டு வச்சிருக்கறேன். இதுவரைக்கும் எங்கயும் வாசிக்கலீங்க."

"ஏனுங்க வாசிக்கலை?" என்று கேட்கக் கூட எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "கூப்புடறவங்க அவிங்கவிங்க பாட்டத்தானே கேப்பாங்க."

அந்தப் பதினோரு மெட்டும் என் லேபிளை நம்பி இருக்கின்றன என்று அன்று பஸ்ஸில் போகும்போது தோன்றியது. இருபதும் விற்றாக வேண்டும்.

முதலில் நான் செய்தது தப்பு. அவருக்குக் கிறிஸ்தவப் பெயர் என்பதால் யோசிக்காமல் மூன்றாவது அடுக்கில் வைத்தேன். ஒரு மாதத்தில் ஒன்றே ஒன்று போனது. வாங்கிய அம்மா மறுவாரமே திரும்பி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. நொம்ப நல்லா வாசிக்கறாரு. ஆனா ஜெபக் கூட்டத்துல இதப் போட்டதும் மாரியாத்தா பாட்டு வருதுங்களே. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க."

வேறு கேசட் மாற்றிக் கொடுத்தேன். இருபதையும் எடுத்துச் சாமி பாட்டு அடுக்கில் வைத்தேன். முதல் பக்கம் அம்மன் பாட்டில்தானே தொடங்குகிறது! அந்த வாரமே மைக் செட்காரர் ஒன்று வாங்கிப்போனார். கல்யாணம், காது குத்து, கோயில் பொங்கல் எல்லாவற்றுக்கும் மலையில் ஸ்பீக்கர் குழாய் கட்டுபவர் அவர். எங்களுக்குப் பெரிய வாடிக்கை.

இரண்டு நாள் கழித்து ஜீப்பிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குள் வந்தார்.

"யாரு புள்ள இதக் கோயில் பாட்டு ரேக்குல வச்சது?"

நான் ரிப்பேர் மேசைப் பக்கம் பார்த்தேன். முதலாளி சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "என்ன ஆச்சுங்க?"

"என்ன ஆச்சா! தலைச்சோலைப் பக்கம் பொங்கல். மொதப் பக்கம் முடிஞ்சுது, திருப்பிப் போட்டுட்டு டீக்குடிக்கப் போனேன். பொங்கல் பொங்கற நேரம், கிறிஸ்மஸுக்கு ஊடு ஊடாப் போய்ப் பாடுவாங்களே, அந்தப் பாட்டு நாலு குழாயிலயும் போகுது. வேடிக்கை பாக்க வந்த சர்ச் பொம்பளைக கூடவே பாடறாங்க. பூசாரி கொலவை போடச் சொல்றதா நிறுத்தறதான்னு தெரியாம முழிக்கறாரு. தர்மகர்த்தா வந்து, 'ஏப்பா, ஆத்தாளுக்கு இன்னைக்கு ஞானஸ்நானமா?'ன்னு கேக்கறாரு. ஊரே சிரிக்குது!"

முதலாளி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். "பொங்கல் பொங்குச்சுல்ல?"

"பொங்குச்சு. என் மானமும் சேந்து பொங்கிப் போச்சு."

அவர் போனதும் முதலாளி என்னிடம் திரும்பினார். "அந்தாளு கேசட்டத் தூக்கி இதரவுல போடு கண்ணு. எந்தப் பக்கமும் சேராதது அங்கதான் கெடக்கோணும்."

நான் போட்டேன். அந்த ஞாயிறு கிளாரினெட்காரர் வந்தார். மேலிருந்து கீழ்வரை ஐந்து அடுக்கையும் பார்த்தார். மறுபடியும் மேலிருந்து பார்த்தார். பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நாகலூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் பல்பைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பத்தொன்பது கேசட்டையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். எடுத்துவிட்டேனே தவிர, எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வழி காட்டியது மைக் செட்காரர்தான், அவருக்குத் தெரியாமலே. அவர் பாட்டைக் கேட்கும் விதம் வேறு. சாமி பாட்டு, சினிமா என்று கேட்கமாட்டார். "விடியக்காலைல போடறதுக்கு ரெண்டு குடு. பொண்ணு அழைக்கறப்பப் போடறது ஒண்ணு. பந்திக்கு ஒண்ணு" என்பார். பந்தி நேரத்தில் மட்டும் பாடகர் குரல் கூடாது என்பது அவர் கணக்கு. "சாம்பாரு, ரசம்னு கத்தறது கேக்கோணுமில்ல? வாத்தியம் மட்டுந்தான் சரி." அந்த நேரத்தில் என்ன பாட்டு, யார் சாமி என்று எவரும் கவனிக்கமாட்டார்கள்.

கச்சேரி அடுக்கின் ஓரத்தில் 'பந்திக்கு' என்று ஒரு லேபிள் ஒட்டி, வீணை, நாதஸ்வரம் சிலவற்றோடு கிளாரினெட்டையும் வைத்தேன். ஒரு மாதத்தில் ஆறு போனது. மைக் செட்காரர்கூட, "ம், இங்க இருந்தா குத்தமில்ல" என்று இன்னொன்று வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது.

அவர் வந்தார், தேடினார், கண்டுபிடித்தார். லேபிளைப் படித்தார். வழக்கம்போல் போய்விடாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நான் வாசிக்கறப்ப எல்லாரும் சோறு தின்னுட்டேதான் இருக்கோணுமுங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. "விக்குதுங்க" என்றேன்.

"விக்கட்டும், விக்கட்டும். நல்லதுதானுங்க" என்றார். பிறகு மெதுவாக, "கல்யாணத்துல அப்படித்தான் வாசிக்கறனுங்க. கேசட்டாவது ஒக்காந்து கேப்பாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழிக்கு இரண்டு மாதம் இருந்தது. பந்தி அடுக்கிலேயே விட்டிருந்தால் மிச்சமும் விற்றிருக்கும். ஆனால் பந்திக்கு என்று விற்றவருக்கு இரண்டாவது கேசட் போட்டாலும் கம்பெனி பந்திப் பாட்டுத்தான் கேட்கும். அவருடைய பதினோரு மெட்டு அப்போதும் வெளியே வராது. மறுநாள் நான் முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். இப்படி நானாகப் போய் நின்றது அதுவே முதல் தடவை.

"அண்ணா, கெராமியப் பாட்டு ரேக்குல பாதி காலியா இருக்குதுங்க. அத அவருக்குக் குடுங்க. அவர் பேரையே எழுதி ஒட்டிக்கறேன்."

"ஒரே ஒரு கேசட்டுக்கு ஒரு ரேக்கா? சினிமாவுல பெரிய பெரிய ஆளுகளே ஒருத்தரு முதுகுல ஒருத்தரு நெருக்கிட்டு நிக்கறாங்க!"

"அவிங்கள எல்லாருக்கும் தெரியுமுங்க. இவரத் தெரியாது."

"தெரியாத பேர ஒட்டுனா யாரு கைகாட்டிக் கேப்பாங்க?"

"நான் சொல்லி விக்கறனுங்க."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? வர்ற ஆளுக்கு மிச்சச் சில்லறையக் கூட மேசைல வச்சுட்டு மொகத்தத் திருப்பிக்கறவ நீ."

"ஆமாங்க. நானேதான்" என்றேன். மேசையை விட்டு நகரவில்லை. அவர் கையை உதறி, "மார்கழி வரைக்கும்" என்றார்.

பெரிய எழுத்தில் கிளாரினெட்காரர் பெயர், அதற்குக் கீழே 'நாகலூர்' என்று எழுதி ஒட்டினேன். முதல் வாரம் பேச்சு வரவில்லை. கேட்பவர்களிடம் "கிளாரினெட்டுங்க" என்று மட்டும் சொல்வேன், அவர்கள் நகர்ந்துவிடுவார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் வந்துதான் அது மாறியது. வெள்ளை வேட்டி, கையில் குடை.

"இது என்ன வகை?"

"கிளாரினெட்டுங்க."

"அது படத்துலயே தெரியுது சாமி. கர்நாடகமா? சினிமாவா? சர்ச்சா?"

"அதெல்லாம் இருக்குதுங்க."

"அதென்ன, மிச்சர் பொட்டலமா?"

கோபம் வந்தது. கோபத்தில்தான் எனக்குப் பேச்சு வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். "ஏனுங்க, உங்க ஊட்டுல கடைசியா நல்லது கெட்டது எப்போ நடந்துச்சுங்க?"

அவர் திகைத்தார். "அப்பாரு தவறினது போன வருசம். எதுக்கு?"

மறுபக்கத்தைத் திருப்பி, கடைசிப் பாட்டு வரும்வரை ஓடவிட்டு நிறுத்திப் போட்டேன். ரைட்டர் குடையை ஊன்றி நின்றார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும், "அன்னைக்கு முன்னால நடந்துட்டே வாசிச்சது இவருதானா? நான் மொகத்தக்கூடப் பாக்கல" என்றார். ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார், தம்பிக்கு ஒன்று.

அதன்பிறகு எல்லோரிடமும் அதையே கேட்டேன். வீட்டு விசேஷத்தைச் சொன்னால் அதற்கான பாட்டைப் போடுவேன். அவர் வாசிப்பு படாத வீடு மலையில் குறைவு. பாதிப் பேர் வாங்கமாட்டார்கள், நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவரும் வந்து பின்னால் நின்றார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் கையை நீட்டி, "இவர்தானுங்க" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். அவர் எங்கே ஒளிவது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மார்கழியில் சேல்ஸ்மேன் வந்தபோது மூன்று மீதி இருந்தது. எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார்.

"அது இருக்கட்டுங்க" என்றேன். "ரெண்டாவது கேசட்டுக்கு ஆர்டர் எழுதிக்குங்க. அவரே கட்டுன மெட்டு மட்டும். உங்க முதலாளிகிட்ட அப்படியே சொல்லுங்க."

அவர் என்னையும் பார்த்தார், முதலாளியையும் பார்த்தார். "என்னங்க, இந்தப் புள்ளைக்குப் பேச வருமா?" முதலாளி ரேடியோவுக்குள் தலையை விட்டபடியே, "இப்ப நிறுத்தத்தான் முடியல, எழுதிக்கங்க" என்றார்.

இரண்டாவது கேசட் வெயில்காலம் தொடங்கும்போது வந்தது. பதினோரு மெட்டும் இருந்தன. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எல்லா கேசட்டின் முதுகிலும் 'கிராமியம்' என்று கம்பெனி அச்சடித்திருந்தது. வெள்ளைத் தாளைச் சிறுசிறு பட்டையாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் அவர் பெயரை எழுதினேன்.

"கம்பெனிக்காரன் பாத்தா திட்டுவான் கண்ணு" என்றார் முதலாளி.

"திட்டட்டுங்கண்ணா" என்று சொல்லி, பசையைத் தொட்டு அடுத்ததை ஒட்டினேன்.